அரை மூட்டை உப்பு

மார்ச் 5, 1961, ஞாயிறு

பஞ்சு ஆலையில் கொடுத்த டைரி இரண்டு மாதமாகச் சும்மா கிடந்தது. இன்று முதல் எழுதப் போகிறேன். காரணம் ஆறுச்சாமி. போன கோடையில் எங்கள் தொட்டிக்குத் தண்ணீர் குடிக்க வந்த மான்கள் பன்னிரண்டு என்று நான் சொன்னேன். பதினொன்றுதான் என்று அவன் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். எழுத்தில் இருந்தால் வாயை மூடுவான்.

ஓடையில் கடைசிக் குட்டையும் வற்றிவிட்டது. காலையில் நான்கு துப்பாக்கிக்காரர்களும் முனியப்பன் கோயிலில் கூடினோம். நான், பக்கத்துத் தோட்டத்து ஆறுச்சாமி, எங்களில் மூத்தவரான மாரண்ணன், அவர் தம்பி. கற்பூரம் ஏற்றித் தண்ணிக்கட்டு போட்டாயிற்று. இனி ஓடையில் மறுபடி தண்ணீர் ஓடும் வரை, எங்கள் தொட்டிகளில் தண்ணீர் குடிக்கும் எதையும் சுடக்கூடாது. வேட்டை எல்லாம் ஊசிக்கரட்டுக் குன்றுக்கு அந்தப் பக்கம். பயிரில் இறங்கும் பன்றிக்கு மட்டும் இந்தக் கட்டு கிடையாது. தவறிப்போய் மானைச் சுட்டால் கறியைத் தொடக்கூடாது. சுட்டவனே தன் கையால் உப்புப் போட்டுப் புதைக்க வேண்டும். துப்பாக்கியை ஒரு வருஷம் முனியப்பன் காலடியில் வைக்க வேண்டும். எனக்குத் தெரிந்து இதுவரை யாரும் வைத்ததில்லை.

மாலையில் எண்ணினேன். பன்னிரண்டு. மாட்டுக் கொட்டகைச் சுவரில் பன்னிரண்டு கரிக்கோடு போட்டிருக்கிறேன்.

மார்ச் 9, வியாழன்

மண்ணெண்ணெயில் கலப்படம் செய்கிறான் கடைக்காரன். விளக்கு எரிகிறதே தவிர வெளிச்சம் இல்லை. சுடரைச் சுற்றி வட்டம் வட்டமாக ஏதோ தெரிகிறது. தண்ணீர் கலந்தால் அப்படித்தான் இருக்கும் என்று நானாக யூகித்தேன். பாவாத்தாளிடம் சொன்னேன். "நமக்கு நல்லாத்தானுங்க எரியுது" என்கிறாள். என் மனைவிக்குக் கடைக்காரன் தூரத்துச் சொந்தம்.

பகலில் ஈயம் காய்ச்சிக் குண்டு வார்த்தேன். என் அச்சில் பழைய விரிசல் ஒன்று உண்டு. அதில் வார்க்கும் ஒவ்வொரு குண்டிலும் பாதி வட்டத்துக்கு ஒரு வரி ஓடும். புது அச்சு வாங்கச் சொல்லி ஆறுச்சாமி இருபது வருஷமாகக் கேலி பேசுகிறான். எந்தப் பன்றியும் வரியைப் பார்த்துவிட்டுச் சாவதில்லை என்று நானும் இருபது வருஷமாகப் பதில் சொல்கிறேன்.

மார்ச் 12, ஞாயிறு

கரட்டுக்கு அந்தப் பக்கம் வேட்டை. முதல் குண்டு எப்போதும் என்னுடையது. அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு உள்ள உரிமை. நல்ல பன்றி, நாற்பது அடிக்குள் நின்றது. காற்று திரும்பியதால் குண்டு தவறியது. ஆறுச்சாமி இரண்டாவதாகச் சுட்டு விழுத்தாட்டினான். மாரண்ணனின் தம்பி எதற்கோ இருமினான். அந்த இருமல் எனக்குப் பிடிக்கவில்லை.

திரும்பி வந்து, கறியைப் பங்கு போடக் கொடுத்துவிட்டு, ஆறுச்சாமியும் நானும் தொட்டிக்கு எதிரே கல்கட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தோம். பொழுது சாயும்போது மான்கள் வந்தன. கிடா முன்னால் வந்து மோப்பம் பிடிக்க, பெட்டைகள் பின்னால். காது கிழிந்த பெட்டை ஒன்று உண்டு, பாவாத்தாள் அதற்கு மூளி என்று பெயர் வைத்திருக்கிறாள். அது மட்டும் யாருக்கும் பயப்படாது. கழனித்தண்ணீர்ப் பானை வரைக்கும் வரும்.

காலையில் சுட்டவனே மாலையில் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இதில் உள்ள சந்தோஷத்தை வேட்டைக்காரன் அல்லாத ஒருவனுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

"மூளி வவுத்தப் பாத்தயா?" என்றான் ஆறுச்சாமி, உதடு அசையாமல். "சினை. அடுத்த மாசம் குட்டி போட்டுரும்."

"தெரியுது, தெரியுது" என்றேன்.

"எங்க நிக்குது சொல்லு பாக்கலாம்?"

இது என்ன கேள்வி? எதற்காகக் கேட்டான்? மான் மிரளும் என்று உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன்.

மார்ச் 18, சனி

எங்கள் கிணற்று இறவைக் கடலைக்காட்டில் பன்றி இறங்கியது. பொழுது விழுந்து மேற்கே கொஞ்சம் சிவப்பு மிச்சம் இருந்த நேரம். செடிகளுக்கு நடுவே கருப்பாக, தாழ்வாக நின்றது. சுட்டேன். கிழக்கே ஆறுச்சாமி வேலிப் பக்கம் ஓடியது. அடி பட்டிருக்கும்.

கொட்டகையில் மாட்டுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்த பாவாத்தாள் வெளியே வந்தாள்.

"பன்னிதானுங்களா?"

"பின்ன யானையா?"

அவள் கொட்டகைக்குள் திரும்பிப் போய்விட்டாள். சாப்பாட்டில் உப்பு இல்லை.

மார்ச் 19, ஞாயிறு

அடிபட்டதைத் தேடிப் போவது முறை. காலையில் போனேன். வேலி வரை இரத்தம் தென்படவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் ஆறுச்சாமியின் நாய் மண்ணை எல்லாம் மிதித்து வைத்திருந்தது. திரும்பிவிட்டேன்.

வேட்டைக்கு ஆறுச்சாமி வரவில்லை. வயிற்றுவலியாம். அவனுக்கு வயிற்றுவலி வந்து நான் பார்த்ததே இல்லை.

மார்ச் 20, திங்கள்

மூளி வரவில்லை.

மார்ச் 21, செவ்வாய்

இன்றும் இல்லை. நான் எண்ணியதில் பத்து. பாவாத்தாள் எண்ணியதில் பதினொன்று. எப்படியும் மூளி இல்லை. அவள் கழனித்தண்ணீர்ப் பானையை இன்று வெளியே வைக்கவே இல்லை. ஏன் வைக்கவில்லை என்றால், "யாருக்குங்க வெக்கறது" என்கிறாள். குட்டி போட ஒதுங்கியிருக்கலாம் அல்லவா? இவள் ஏன் செத்தே போனது போலப் பேசுகிறாள்?

மார்ச் 23, வியாழன்

பெரிய செய்தி. கடையில் நானே காதால் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆறுச்சாமி கடைக்காரனைத் தூக்கத்திலிருந்து எழுப்பி அரை மூட்டைக் கல்லுப்பு வாங்கிப் போயிருக்கிறான்.

அரை மூட்டை. வயிற்றுவலிக்காரனுக்கு எதற்கு அரை மூட்டை உப்பு? உப்புக்கண்டம் போட. வேறு எதற்கு? சனிக்கிழமை மாலை வரை மூளி இருந்தது. ஞாயிறு உப்பு. திங்கள் மூளி இல்லை.

முப்பது வருஷச் சிநேகிதன். என் மகள் கல்யாணத்தில் பந்தியில் நின்று பரிமாறியவன்.

மார்ச் 25, சனி

கடப்பாரை கேட்கும் சாக்கில் அவன் வீட்டுக்குப் போனேன். வாசலில் கொடி கட்டிக் கறி காயவில்லை. கூரை மேலும் இல்லை. அடுப்படிப் பக்கம் மூக்கை நீட்டினேன், கொள்ளுப் பருப்பு வாசம்தான். அவன் மனைவி செல்லக்காள் மோர் கொடுத்தாள்.

"உப்பு நெறைய வாங்கியிருக்கறாப்பல?" என்றேன், சும்மா கேட்பது போல.

"மாட்டுக்குங்கண்ணா" என்றாள் செல்லக்காள்.

"தென்னைக்கு" என்றான் ஆறுச்சாமி, அதே நேரத்தில்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் மோரைக் குடித்து முடித்தேன்.

கடப்பாரையை எடுத்துக் கொடுத்தான். நுனியில் செம்மண் காய்ந்திருந்தது. அவன் தோட்டத்தில் செம்மண் உள்ள இடம் ஒன்றே ஒன்றுதான், வடக்கு மூலையில் வெள்வேல மரத்தடி. வரும் வழியில் எட்டிப் பார்த்தேன். மண் கிளறி, மேலே முள் வெட்டிப் போட்டிருக்கிறது.

அப்படியானால் தின்னவில்லை. புதைத்திருக்கிறான். புதைக்கிற அளவுக்கு முறை தெரிந்தவனுக்கு, கோயிலில் வந்து சொல்கிற முறை மட்டும் தெரியாதா?

மார்ச் 28, செவ்வாய்

மாரண்ணனிடம் சொல்லிவிட்டேன். ஞாயிறு கூடுகிறோம்.

ஏப்ரல் 2, ஞாயிறு

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். நாளைக்கு ஒருவரும் மாற்றிச் சொல்லக்கூடாது.

முனியப்பன் கோயில், காலை எட்டு மணி. நான் உப்பிலிருந்து ஆரம்பித்து மண் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். ஆறுச்சாமி தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். மாரண்ணன் அவனைப் பார்த்துக் கேட்டார்.

"ஏப்பா ஆறுச்சாமி, அவினாசி சொல்றது நெசமா?"

"மூளி என்ர தோட்டத்துலதான் கெடக்குதுங்க."

"ஆரு பொதச்சது?"

"நாந்தான் பொதச்சன். என்ர கையாலதான் உப்புப் போட்டன்."

"ஏஞ் சொல்லுல?"

ஒருமுறை நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அது என்ன பார்வை என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. வெயில் என் கண்ணுக்கு நேராக அடித்தது.

சுட்டவன்தான் புதைக்க வேண்டும். புதைத்ததை ஒத்துக்கொண்டான். அதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது? மாரண்ணன் கையை நீட்டினார். ஆறுச்சாமி துப்பாக்கியை அவர் கையில் கொடுக்காமல், தானே போய் முனியப்பன் காலடியில் வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்தான்.

நியாயம் ஜெயித்தது. வீட்டுக்கு வந்து பாவாத்தாளிடம் சொன்னேன். "உங்களுக்குத் திருப்திதானுங்களே" என்றாள். சாப்பாடு போட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள்.

ஏப்ரல் 7, வெள்ளி

ஆறுச்சாமியின் கடலையில் பன்றி இறங்கி நான்கில் ஒரு பங்கை உழுதுவிட்டுப் போயிருக்கிறது. செல்லக்காள் தகரத்தைத் தட்டும் சத்தம் இங்கே வரைக்கும் கேட்கிறது. தகரத்துக்குப் பன்றி பயந்தால் துப்பாக்கி எதற்கு?

எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் முறை என்றால் முறை.

ஏப்ரல் 11, செவ்வாய்

பாவாத்தாள் தினமும் மத்தியானம் எங்கோ போய் வருகிறாள். செல்லக்காளோடு சேர்ந்து தோட்டத்துக்கு முள் போடுகிறாளாம். என்னைக் கேட்கவில்லை. ஊசியில் நூல் கோர்த்துத் தரச் சொல்லி நான் கேட்பதற்கு முன்பே இப்போதெல்லாம் கோர்த்து வைத்துவிடுகிறாள். இதிலும் ஏதோ இருக்கிறது.

ஏப்ரல் 15, சனி

எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. போன வருஷம் ஒரு முயல் பங்குக்காக மூன்று நாள் என்னோடு சண்டை போட்டவன் ஆறுச்சாமி. அவன் எப்படி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் துப்பாக்கியை வைத்தான்? பயிரில் பாதி போன பிறகும் ஏன் மாரண்ணனிடம் போய்க் கெஞ்சவில்லை?

அப்புறம் உப்பு. ஒரு பெட்டை மானுக்கு அரை மூட்டை எதற்கு? கால் மூட்டையே அதிகம். அப்படியானால் அந்தக் குழியில் கிடப்பது ஒன்று அல்ல. ஒன்றைச் சொல்லிவிட்டு மற்றதை மறைக்கிறான். அதனால்தான் அவ்வளவு சுலபமாகத் தலையைக் குனிந்தான்.

இப்போது விளங்குகிறது. செவ்வாய் சந்தை. புருஷன் பெண்சாதி இருவரும் போவார்கள்.

ஏப்ரல் 18, செவ்வாய்

காலை ஒன்பது மணிக்கு மண்வெட்டியோடு போனேன். அவன் நாய் என்னைப் பார்த்து வாலை ஆட்டியது. முள்ளை இழுத்துப் போட்டுவிட்டுத் தோண்டினேன்.

இடுப்பளவு ஆழத்தில் உப்பு. கையால் தள்ளினேன். காது கிழிந்த தலை. கழுத்தில் கத்தி வெட்டு, ஒரே வெட்டு, உயிரோடு தவித்துக் கிடந்ததன் தவிப்பைத் தீர்த்த வெட்டு. பக்கத்தில் தனியாக ஒரு சின்னக் குழி, அதிலும் உப்பு. ஆறுச்சாமியின் பச்சைக்கரைத் துண்டில் சுற்றிய ஒரு பொட்டலம். அவிழ்க்கவில்லை. கை வைத்துப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. நான்கு கால்.

அரை மூட்டை சரிதான்.

மூடப் போகும்போது மூளியின் விலாவில் விரல் பட்டது. தோலுக்கு அடியில் கெட்டியாக ஏதோ. கத்தியால் எடுத்தேன். ஈயக்குண்டு. மண்ணும் உப்பும் ஒட்டியிருந்தது. வீட்டுக்கு வந்து தொட்டித் தண்ணீரில் கழுவினேன். ஒரு பக்கம் நசுங்கியிருக்கிறது. மறுபக்கம் ஒரு வரி மாதிரி ஓடுகிறது.

ஈயம் எலும்பில் பட்டால் கோடு விழுவது உண்டு.

ஏப்ரல் 19, புதன்

கண்ணில் தூசி. எழுதவில்லை.

ஏப்ரல் 20, வியாழன்

அச்சைத் திறந்து குண்டை வைத்துப் பார்த்தேன். நசுங்கிய பக்கம் பொருந்தவில்லை. மறுபக்கத்து வரி விரிசலில் உட்கார்ந்துகொண்டது. பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. பெருவிரல் நகத்தால் தடவித்தான் தெரிந்துகொண்டேன்.

ஏப்ரல் இரண்டாம் தேதி எழுதியதைத் திருப்பிப் படித்தேன். பாவாத்தாளை விளக்கைப் பக்கத்தில் பிடிக்கச் சொல்லி இரண்டு முறை படித்தேன். "நாந்தான் பொதச்சன்" என்று இருக்கிறது. சுட்டேன் என்று எங்கேயும் இல்லை. நாங்கள் யாரும் கேட்கவும் இல்லை.

"அன்னிக்குக் கடலைக்குள்ள நின்னது என்ன?" என்று பாவாத்தாளிடம் கேட்டேன்.

"பன்னிதானுங்களான்னு அப்பவே கேட்டனுங்களே."

"உனக்குத் தெரிஞ்சுதா?"

"தல தூக்குச்சுங்க. காது தெரிஞ்சுது. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள சுட்டுட்டீங்க."

"அப்பறமாவது சொல்லியிருக்கலாமல்ல?"

"சொன்னா நம்புவீங்களா? மண்ணெண்ணெய நம்பாத மனுசன்."

விளக்கைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். மூளிக்காக அழுகிறாள் என்று முதலில் நினைத்தேன். இல்லை, எனக்காகத்தான். எனக்கு வெட்கமாக இருந்தது.

ஏப்ரல் 22, சனி

இரண்டு நாள் தைரியம் வரவில்லை. இன்று போனேன். ஆறுச்சாமி கடலையில் முள் போட்டுக்கொண்டிருந்தான். பாதிக்கு மேல் வெறும் மண். குண்டை அவன் உள்ளங்கையில் வைத்தேன்.

பார்த்துவிட்டு, "தோண்டிப்புட்டயா?" என்றான். "உன்ர புத்தி எனக்குத் தெரியும். அதுக்குத்தான் முள்ளு போட்டு வெச்சன்."

"என்ர குண்டுன்னு தெரியுமா?"

"சத்தம் கேட்டுச்சு. வேலியில வந்து உழுந்துச்சு. நாய் கத்துச்சு, போய்ப் பாத்தன். நீ வருவயின்னு ராத்திரி முச்சூடும் பக்கத்துல உக்காந்திருந்தன். வெடியால வந்த. வேலி வரைக்கும் வந்த. அப்ப நான் மரத்தடியிலதான் நின்னுட்டு இருந்தன், அவினாசி. இருபது அடி. என்னயப் பாக்காம திரும்பிப் போன."

நான் வேலிப் பக்கம் திரும்பி அந்த மரத்தைத் தேடினேன்.

"அப்பத்தான் எனக்கு உறுதியாச்சு" என்றான். "கூட்டத்துல சொல்லியிருந்தா துப்பாக்கிய நீ வெச்சிருப்ப, அதுல ஒண்ணுமில்ல. எப்படித் தவறுச்சுன்னு கேப்பாங்க. மாரண்ணந் தம்பி எப்பப்பான்னு காத்துட்டு இருக்கறான். முதக் குண்டு உன்ர வீட்டுத்துன்னு எத்தன வருசம்? அத நாலு பேருக்கு முன்னால புடுங்கறதுக்கு நானா கெடச்சன்?"

"உன்ர கடல போச்சேடா."

"கடல அடுத்த வருசமும் வெளையும்." குண்டைத் திருப்பிக் கொடுத்தான். "உன்ர தொட்டியில நானும்தான் முப்பது வருசமாத் தண்ணி குடிக்கறன். நீ என்ர கெணத்துல குடிக்கற. கட்டுன்னா எல்லாத்துக்கும் கட்டுத்தான்."

அவன் பாட்டுக்கு முள்ளை எடுத்துப் போட ஆரம்பித்தான். நானும் குனிந்து எடுத்தேன். கையெல்லாம் குத்தியது. எங்கே முள் இருக்கிறது என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். மார்ச் மாதம் முழுக்கவே தெரியவில்லை. அதற்கு முன்பும்தான்.

ஏப்ரல் 23, ஞாயிறு

கோயிலுக்கு எல்லோரையும் வரச் சொன்னேன். குண்டையும் அச்சையும் மாரண்ணனிடம் கொடுத்துவிட்டு, என் வாயாலேயே சொன்னேன். கண் போய்விட்டது என்பதையும் சொன்னேன். மாரண்ணனின் தம்பி இன்றைக்கு இருமவில்லை. என் துப்பாக்கியை வைத்துவிட்டு ஆறுச்சாமியின் துப்பாக்கியை எடுக்கக் குனிந்தேன். இரண்டும் எனக்கு ஒன்று போலவே மங்கலாகத் தெரிந்தன. கட்டையில் அவன் செதுக்கிய மயிலைத் தடவி எடுத்து அவனிடம் கொடுத்தேன். முதல் குண்டு இனி உன்னுடையது என்றேன். வேண்டாம் என்று அவன் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை கோயமுத்தூர் கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். பாவாத்தாள் வருகிறாள். ஆறுச்சாமியும் வருகிறானாம். டாக்டர் என்னை ஏமாற்றிவிடாமல் பார்த்துக்கொள்ளவாம்.

பொழுது சாய இருவரும் கல்கட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தோம். பாவாத்தாள் கழனித்தண்ணீர்ப் பானையை வெளியே வைத்திருந்தாள். குளம்புச் சத்தம் கேட்டது. தண்ணீரை உறிஞ்சும் சத்தம் கேட்டது. எனக்குத் தொட்டியின் பக்கத்தில் ஒரு பழுப்பு நிறம் அசைவது மட்டும்தான் தெரிந்தது. அதை நான் இத்தனை நாள் மான் என்று சொல்லி எண்ணிக்கொண்டிருந்தேன்.

"எத்தன?" என்று கேட்டேன்.

அவன் மெதுவாக எண்ணினான். எண்ணி முடித்து என் பக்கம் திரும்பினான்.

"பன்னெண்டு" என்றான்.

மூளி போன பிறகு பன்னிரண்டு இருக்க முடியாது. போன வருஷம் பதினொன்று என்று ஊர் முழுக்கச் சொன்னவனும் இவன்தான். பொய் சொல்கிறான் என்று எனக்குச் சந்தேகம். கேட்கவில்லை.

சுவரில் பன்னிரண்டு கோடு போட்டிருக்கிறேன்.